காப்பீடு ஏற்காத கடன்

ஒருவர் செய்த செயலுக்கான பொறுப்பை மற்றொருவர் விலை பேசி ஏற்றுக்கொள்ள முடியுமா? வினையைப் பற்றிச் சிந்திப்போர் 'முடியாது' என்று உடனே விடை கூறிவிடுவர். ஆனால் நம் நாட்டுச் சாலைகளில் இது அன்றாடம் நடைபெறுகிறது. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். விபத்தில் ஓர் உயிர் போனால், ஓட்டியவரின் பிழைக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்துகிறது.

இந்த ஏற்பாட்டைக் குறை கூறுவதற்கில்லை. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர்மீது பல லட்சம் ரூபாய்க்குத் தீர்ப்பு வாங்கி ஒரு குடும்பம் என்ன செய்யும்? தீர்ப்பாயத்தின் கணக்கும் மனம்போன போக்கில் போடப்படுவதன்று. மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய முப்பது வயதுக் கொத்தனார் ஒருவர், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு மறைந்தார் எனக் கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, அவரது ஆண்டு வருமானத்துடன் எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காட்டைச் சேர்ப்பர். தமக்கென அவர் செலவிட்டிருக்கக்கூடிய மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பர். மீதியைப் பதினேழால் பெருக்குவர். வருவாய் இழப்புக்கு மட்டும் 28,56,000 ரூபாய் ஆகிறது. ஆதரவிழந்த குடும்பத்திற்கு இது பெரும் துணையே.

ஆயினும் 'மூன்றாம் நபர்' என்ற சொல் சற்றே உறுத்துகிறது. ஒப்பந்தத்தில் உரிமையாளர் ஒருவர், நிறுவனம் மற்றொருவர். ஆகவே அடிபட்டவர் மூன்றாமவர். சட்ட மொழியில் அது வெறும் எண். தமிழில் மூன்றாம் மனிதன் என்றாலோ, நமக்குச் சம்பந்தமில்லாதவன். விபத்துக்குப்பின் நம் மனம் இந்த இரண்டாவது பொருளையே பற்றிக்கொள்கிறது. "இன்சூரன்ஸ் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறோம்.

சட்டம் அவ்வாறு ஒதுங்க விடுவதில்லை. அதன் 134-ஆம் பிரிவின்படி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் சீற்றம் போன்ற, அவரை மீறிய காரணம் இருந்தாலன்றி அவருக்கு விலக்கில்லை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கான தண்டனையையும் எந்த பாலிசியும் ஏற்காது.

இவற்றினும் நுட்பமானது வாய்மை. இறந்தவர் குறுக்கே பாய்ந்தாரா, ஓட்டியவர் வேகமாக வந்தாரா? விடைக்கேற்ப இழப்பீடு குறையலாம். பல வழக்குகளில் இதை நன்கறிந்தவர் ஓட்டுநர் ஒருவரே. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு காக்கிறது. மௌனம் அவரது உரிமை. நாம் அதை இகழக் கூடாது. ஆனால் இறந்தவர்மீது இல்லாத பழியைச் சுமத்துவது மௌனமன்று. உரிமம் இல்லாத மகன் ஓட்டியிருக்க, உரிமம் உள்ள வேறொருவரை முன்னிறுத்துவதும் மௌனமன்று. "நிறுவனத்தின் பணம்தானே" என்னும் சமாதானம் இங்கே எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது!

துக்க வீட்டிற்குச் செல்வதைப் பற்றியும் ஒரு தயக்கம் உண்டு. நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பது பாலிசிகளில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனை. சென்றால் வழக்கு கெடும் என்று அஞ்சிப் பலர் வாளாவிருக்கின்றனர். அந்த நிபந்தனை தடுப்பது வாக்குறுதியை, கண்ணீரை அன்று. குடும்பத்தினர் நம்மைக் காண விரும்பாமலிருக்கலாம், அதற்கு அவர்களுக்கு உரிமையுண்டு. அப்போதும் பெரியவர் ஒருவர் வழியாகத் துயரத்தைத் தெரிவிக்கலாம். பாலிசியின் நகல், வண்டியின் எண், நிறுவனத்தின் கிளை முகவரி ஆகியவற்றை அவர்கள் கேட்டு அலைவதற்கு முன்பே கிடைக்கச் செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் அவற்றுக்காகக் காவல் நிலையத்திற்கு எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கும் என்பதைத் தீர்ப்பாயத்தின் கணக்கு எங்கும் குறிப்பதில்லை.