காகிதமும் மனச்சாட்சியும்

என் நண்பர் ஒருவர் சித்திரக்காரர். ஒரே தாளில் நீர்வர்ணம் பூசுவார்; அது காய்ந்தபின் கரித்துண்டால் கோடு இழுப்பார்; கிழிந்த கடிதம், துணித்துண்டு என்று எதையாவது பசை தடவி ஒட்டுவார். கலப்பு ஊடகம் என்று அதற்குப் பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் படம் வாங்கிய ஒருவர் அதைத் திரும்ப எடுத்து வந்தார். தாள் பழுத்து, ஒட்டிய இடங்கள் நெளிந்து, ஓரம் பொடிந்திருந்தது. வந்தவர் சண்டை போடவில்லை. "என் மனைவி ஆசைப்பட்டு வாங்கினாள். இப்போது அவள் இல்லை. இதை ஏதாவது செய்ய முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை நண்பர் என்னிடம் வந்தார். "நான் அவரை ஏமாற்றிவிட்டேனா?" என்றார்.

"அந்தத் தாள் இப்படி ஆகும் என்று உமக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். தெரியாமல் என்ன? மரத்தை அரைத்துச் செய்யும் மலிவுத் தாளில் லிக்னின் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட அது பழுப்பேறும். அமிலம் ஊறி நார் முறியும். பருத்தி நாரில் அமிலமின்றிச் செய்த தாளுக்கு ஆயுள் அதிகம். கனமும் வேண்டும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் ஈரத்தை ஓரளவு தாங்கும். 100 கிராம் தாள் நெளிந்துவிடும். மேலே ஜெலட்டின் போன்ற பூச்சு இல்லாவிட்டால் மை கசியும். சொரசொரப்பு இல்லாவிட்டால் கரி பிடிக்காது. இத்தனையும் தெரிந்தவர்தாம் நண்பர். ஆனால் நல்ல தாளின் விலை நாலைந்து மடங்கு.

"பிக்காஸோ 1912-இல் செய்தித்தாளையே வெட்டி ஒட்டினாரே! அவையும் பழுத்துவிட்டன. அவரை யார் குற்றம் சொன்னார்கள்?" என்று வாதாடினார்.

நியாயமான கேள்விதான். அதே ஆண்டில் பிராக், மரம்போல் அச்சிட்ட சுவர்க் காகிதத்தை ஒட்டினார். பிறகு ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டுகளை ஒட்டினார். ஆனால் செய்தித்தாள், தான் செய்தித்தாள் என்று முகத்திலேயே எழுதிக்கொண்டு நிற்கிறது. அது பழுக்கும் என்பது பார்க்கிற எவருக்கும் தெரியும். வர்ணத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் மட்டமான தாளின் கதை வேறு. அதைச் செய்தவன் அறிவான், வாங்குகிறவன் அறியான்.

அழிவது குற்றமல்ல. வாசலில் விடியற்காலை போட்ட கோலம் மத்தியானத்துக்குள் கலைந்துபோகிறது. அதற்காகக் கோலம் போட்டவளை யாராவது நொந்துகொள்வதுண்டா? கோலம் எந்த வாக்குறுதியும் தருவதில்லை. சட்டம் போட்டு, விலை சொல்லி, சுவரில் மாட்டக் கொடுக்கிற படமோ சொல்லாமலே ஒரு வாக்குறுதி தருகிறது. கொடுப்பவனுக்குத் தெரிந்து, பெறுபவனுக்குத் தெரியாமல் இருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் பாவம் குடியிருக்கிறது.

அப்படியானால் ஏழைக் கலைஞன் என்ன செய்வது? மலிவுத் தாளில் வரையட்டும், தவறில்லை. "இந்தத் தாள் நெடுநாள் தாங்காது, வெயில் படாமல் வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கட்டும். வறுமைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மௌனத்துக்கு வெட்கப்பட வேண்டும்.

இதையெல்லாம் நண்பரிடம் அழகாகத்தான் சொன்னேன். அவர் போனபிறகு என் அலமாரியைத் திறந்தேன். என் கதைகள் வந்த பழைய பத்திரிகைகள், தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அது பத்திரிகைத் தாளின் இயல்பு, வாங்கியவர்களுக்கும் தெரியும். ஆனால் தவணைக்குப் பயந்து, மனம் ஒட்டாமல் எழுதிக் கொடுத்த கதைகள் சில அவற்றில் இருக்கின்றன. தாள் பழுக்குமுன்பே பழுத்துவிட்டவை அவை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நண்பர் பருத்தித் தாள் வாங்கி, அதே படத்தைப் புதிதாகச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மனிதர் நன்றி சொன்னார். ஆனால் பழையதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மனைவி பார்த்தது அதைத்தானே!