வந்தது தங்காதிருக்க

திண்டிவனம் பைபாஸ் ஓரம் லாரி எஞ்சின் வேலை பார்ப்பவன் நான். நயினார் எனப்படும் சமணக் குடும்பம் எங்களுடையது. எங்கள் சமயத்தில் வினை என்பது ஒரு நுண்பொருள். மனம், வாக்கு, உடல் மூன்றும் அசையும்போதெல்லாம் அது உயிரிடம் வந்து சேர்கிறது. வருவது ஊற்று, வராமல் தடுப்பது செறிப்பு, வந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. அவர் துறவி. பெண்டு பிள்ளைகளோடு உழைத்துச் சாப்பிடுகிறவனால் வினையை அப்படி அடைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு என் கைக்குப் பழகிய டீசல் எஞ்சினை வைத்துத்தான் என்னால் யோசிக்க முடிகிறது.

பிஸ்டன் ரிங்கை சிலிண்டர் லைனருக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்போம். உள்விட்டம் (போர்) நூறு மில்லிமீட்டர் என்றால் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் ரிங்கு நீண்டு, முனைகள் முட்டி, லைனரைக் கீறிவிடும், ரிங்கும் உடையும். அதனால் புது எஞ்சினிலும் எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸுக்குள் இறங்கவே செய்யும். பட்டறையில் அதற்கு பேக் கம்ப்ரஷன் என்று பெயர். தேய்ந்த ரிங்கை மாற்றுவது என் கடமை. ஆனாலும் துளி வாயுகூட இறங்காத எஞ்சினை யாராலும் கட்டித்தர முடியாது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டும் வாயுவோடு கொஞ்சம் நீராவி, கரி, அமிலம் எல்லாம் ஆயிலுக்கு வந்து சேரும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி, கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயான ப்ரீதர் வழியே வெளியேறும். ஊருக்குள்ளேயே ஓடி, ஆயில் சூடாகுமுன் நிறுத்தப்படும் வண்டியில் அது குளிர்ந்த இரும்பில் நீராகப் படியும். ஆயில் மூடியின் உட்புறம் வெளுத்த பசை கட்டும். அமிலம் பேரிங்கை அரிக்கத் தொடங்கும். இரண்டு எஞ்சினுக்குள்ளும் வந்தது ஒன்றுதான். ஒன்றில் அது தங்கிவிட்டது.

வினைக்கும் நூல்கள் இதே கணக்கைத்தான் சொல்கின்றன. கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை என்ற நான்கு கசாயங்கள் உள்ளவனிடம் வரும் வினை ஒட்டிக் கட்டாகிறது. அவற்றை வென்றவனிடமும், உடல் இயங்கும்வரை வினை வரும். வந்த கணமே நீங்கிவிடும். இல்லறத்தானுக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. வாழ்கிறோம் என்பதற்காகவே நாம் கெட்டவர்கள் அல்ல. கழிக்கும் வழியை அடைத்துவைத்தால் கெடுகிறோம்.

ப்ரீதர் அடைத்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியே எண்ணெய் பீறிடும். டிரைவர் சீலைக் குறை சொல்வார். புது சீல் போட்டாலும் மறுபடி ஒழுகும். ஒப்புக்கொள்ளாத கோபமும் இப்படித்தான் வேறு இடத்தில், பெரும்பாலும் வீட்டில் நம்மைவிட எளியவர்மேல், வெடிக்கிறது.

கழிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பழைய லாரிகளின் ப்ரீதர் குழாய் எண்ணெய்ப் புகையை ரோட்டில் விட்டது. அது பின்னால் வருபவர் மூச்சில் கலந்தது. மூடிய அமைப்பில் செபரேட்டர் எண்ணெயைப் பிரித்துக் கீழே அனுப்பும். வாயு மறுபடி டர்போவுக்கு முன்னால் சேர்ந்து அதே எஞ்சினில் எரியும். என் வினையை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்க என் சமயமும் இடம் தரவில்லை.

ஓடாத எஞ்சினில் பேக் கம்ப்ரஷனே இல்லையே, அப்படியானால் வீடுபேறு என்பது நின்றுபோவதா என்று கேட்கலாம். இங்கே எஞ்சின் உவமை உதவாது. அதன் இரும்பு தேயும். உயிரின் அறிவை வினை மறைக்குமே தவிர, தேய்க்க முடியாது. மூன்று அசைவும் அடங்கிய நிலையில் அந்த அறிவு எல்லையற்று விளங்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

அந்த நிலை எனக்கு வெகுதூரம். வினையை உதிர்க்கும் அகத்தவம் ஆறில் பிராயச்சித்தத்தை நூல்கள் முதலாவதாக வைத்தது என்னைப் போன்றவர்களுக்காகத்தான் என்று நம்புகிறேன். அதையும் அரைச்சூட்டில் செய்தால் ஈரம் போகாது. யாரிடம் தவறினோமோ அவரிடமே போய், முழு மனதோடு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதையும் நாள் கடத்தாமல் கேட்க வேண்டும்.