பின்னால் நிற்கும் ஆடு

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. புலி பாயும், வெட்டும். ஆட்டால் ஒரு புலியைக்கூட வெட்ட முடியாது. ஆனாலும் ஆடுகள் ஜெயிக்கின்றன. எப்படி?

விதியைப் பாருங்கள். ஓர் ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால்தான் புலி வெட்டலாம். அந்தப் புள்ளியில் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலிக்கு வழியில்லை. பின்னால் வந்த ஆடு சண்டை போடவில்லை. கொம்பைக்கூட ஆட்டவில்லை. வந்து நின்றது, அவ்வளவுதான். முன்னால் நின்ற ஆடு பிழைத்தது.

நட்பின் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து மேலே ஏறினால், சாமை விளையும் சித்தேரி மலை. அங்கே இந்த ஆட்டத்துக்குக் காசு வேண்டாம். பாறையில் கரிக்கோடு, கையில் கூழாங்கல், எதிரே ஓர் ஆள் போதும். கோடும் கல்லும் இன்றும் கிடைக்கும். எதிரே உட்கார ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். மலையிலும் சரி, பட்டணத்திலும் சரி, போனுக்குள் ஆயிரம் விளையாட்டு இருக்கிறது. தனியாக ஆடுகிறோம், தனியாக ஜெயிக்கிறோம், தனியாகவே தூங்கிப்போகிறோம். போனில் பெயர்கள் ஏராளம். பின்னால் நிற்பவர் ஒருவரோ இருவரோ.

தருமபுரி நடுகற்களின் மண். ஊருக்காகத் தனியே நின்று உயிர்விட்டவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட மண். அந்த வீரம் பெரிது. ஆடுகளின் வீரம் வேறு வகை. அதில் யாரும் சாக வேண்டியதில்லை. சேர்ந்து நின்றே புலியைக் கட்டிவிடலாம்.

இன்று நீங்களும் ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். உங்கள் நண்பர்களில் யாருடைய முதுகுப்பக்கம் காலியாக இருக்கிறது? வேலை போனவரா? கடன்காரருக்குப் பதில் சொல்லித் தவிப்பவரா? ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவரா? அவருக்கு அறிவுரை வேண்டாம். பெரிய உதவிகூட வேண்டாம். "நான் இருக்கேன்" என்று ஒரு போன் செய்யுங்கள். பக்கத்தில் இருந்தால் நேரிலேயே போய்விடுங்கள்.

அவர் புலியை நீங்கள் விரட்ட வேண்டியதில்லை. காலியாகக் கிடக்கும் அந்த ஒரு புள்ளியில் போய் நில்லுங்கள். பாதி ஆட்டம் அவர் பக்கம் திரும்பிவிடும்.