பிரதி எங்கே?

வங்கியில் வவுச்சர் இல்லாத காரியம் நடக்கவேயில்லை என்று அர்த்தம். பத்து வருஷமாக அதிலேயே உழல்கிறவன் என்பதாலோ என்னவோ, 1954-ல் சென்னை ராஜ்யம் போட்ட நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை வாசித்தபோது அதன் மனசு எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது. ஆட்சேபகரமான நாடகத்தை அரசு தடுக்கலாம். நாடகத்தின் பிரதியையோ சாரத்தையோ கேட்டு வாங்கலாம். 1876-ல் கல்கத்தா மேடைக்குப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் வாரிசு இது. எம்.ஆர். ராதாவை உத்தேசித்தே வந்தது என்பார்கள். ராதாவோ காலைப் பத்திரிகையில் வந்ததை அன்றிரவே மேடையில் பேசியவர். அதற்கு ஏது பிரதி?

பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாதவை என்றது. 1876-ம் வருஷத்து மூலச் சட்டம் 2018-ல்தான் நீக்கப்பட்டது. நான் அந்தத் தீர்ப்பின் கட்சி. ஆனால் தீர்ப்போடு விஷயம் முடிந்துவிட்டதாக நண்பர்கள் பேசும்போது எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது.

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து. பாட்டுக்கெல்லாம் நோட்டு உண்டு. கட்டியங்காரன் பேச்சுக்குக் கிடையாது. முன்வரிசையில் இருக்கும் பஞ்சாயத்துத் தலைவரையே அவன் கிண்டல் செய்வான், தலைவரும் சிரிப்பார். சிறுபத்திரிகைக் கட்டுரைகளில் நாம் சிலாகிக்கிற சுதந்திரம் இதுதான். அன்று துகிலுரிதல். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனைக் கும்பிட்டு, கற்பூரம் ஏற்றிய பிறகே சேலையில் கை வைத்தார். தன்னையே தோற்றுவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க என்ன பாத்தியதை என்று திரௌபதி கேட்கிறாள். கறாரான சட்டக் கேள்வி. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இறுக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது, கட்டியங்காரன் கூட்டத்தைத் துழாவி என் அத்தையைப் பிடித்தான். விதவை; பெட்டிக்கடை வைத்திருந்தாள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்தக் கடையில் யாருக்கு என்ன வியாபாரம் என்று கேட்டான். ஊரே சிரித்தது. எனக்குப் பதினோரு வயசு, அர்த்தம் புரியுமுன் நானும் சிரித்தேன். அத்தை விரித்திருந்த கோணியைச் சுருட்டிக்கொண்டு இருட்டில் நடந்து போனாள்.

அவள் எங்கே போய் முறையிட்டிருக்க முடியும்? காட்டுவதற்குப் பிரதி இல்லை. இருந்திருந்தாலும் சட்டம் அவளுக்காகப் போட்டதில்லை. மனம் புண்பட்டது என்று மனு கொடுக்கிறவர்கள் சங்கத்தோடும் வக்கீலோடும் வருகிறார்கள். தலைவரைப் பற்றிய கிண்டல் தலைவர் தாங்குகிற அளவுக்கே போயிற்று என்பதையும், அத்தை விஷயத்தில் அப்படி ஒரு அளவே இருக்கவில்லை என்பதையும் நான் வெகு தாமதமாகத்தான் கவனித்தேன். பிரதி கேட்காமலே ஊர் தணிக்கை செய்கிறது. யாரை விட்டுவிட வேண்டும், யாரைத் தொடலாம் என்று கட்டியங்காரனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் போலீசிடம் நோட்டைக் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலைஞன் சுதந்திரம் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை.

போன வருஷம் என் பெண்ணின் பள்ளி ஆண்டுவிழாவில் பத்து நிமிஷக் கூத்து. கலைக்கு இடம் கொடுக்கிறோம் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார்கள். கட்டியங்காரன் வசனம் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் வேண்டும் என்றார் ஆசிரியை. எழுதுகிற அப்பா என்று வேலை என் தலையில் விழுந்தது. குழந்தைகள் சொல்லச்சொல்ல எழுதினேன். திக்கிப் பேசும் ஒரு பையனைப் பற்றி அவர்களிடம் ஒரு ஜோக் இருந்தது. நிஜமாகவே சிரிப்பு வருகிற ஜோக். எழுதிவிட்டு நானே அடித்தேன். கையெழுத்துக்குப் போனபோது தலைமையாசிரியை, கட்டணத்தைப் பற்றிய வரியை அடித்தார், என்னிடமே பேனா வாங்கி.

“அப்போ கட்டியங்காரன் எதுக்குப்பா?” என்றாள் பெண். இரண்டு அடித்தலும் ஒன்றல்ல என்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். தாளில் இரண்டு கோடும் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. எனக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றும் அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஊருக்குப் போனபோது அத்தையிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். கூத்து என்ற வார்த்தை வந்ததும், “சாப்பிட்டியாடா?” என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.