துருக்கித் தொப்பி புகட்டும் பாடம்

நம் சமூகத்துக் குடும்பங்களில் பழைய திருமணப் புகைப்படங்களைப் பேணி வைத்திருப்போர் பலர். அவற்றைச் சற்று உற்று நோக்குவோமாக. மாப்பிள்ளையின் தலையிலோ, அருகே அமர்ந்திருக்கும் பெரியவரின் தலையிலோ, குஞ்சம் தொங்கும் நெட்டையான தொப்பி ஒன்றைக் காணலாம். துருக்கித் தொப்பி என்று அதனை நம் முன்னோர் அழைத்தனர். நிக்காஹ் மஜ்லிஸுக்கும் பெருநாள் தொழுகைக்கும் உரிய கண்ணியமான அணி அது என்று அவர்கள் கருதினர்.

இன்று அதே மஜ்லிஸில் மாப்பிள்ளை எதை அணிவது என்பதில் சிறு பூசல்கள் எழக் காண்கிறோம். ஷெர்வானிதான் அழகு என்பார் ஒருவர். கோட்டே போதும் என்பார் இன்னொருவர். சொங்கோக்கும் பாஜு மெலாயுவுமே இம்மண்ணுக்குப் பொருத்தம் என்பார் மூன்றாமவர். "இதுவா நம் மரபு?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். "உடையில் என்ன இருக்கிறது?" என்று இளைஞர்கள் அலட்சியமாக விடை கூறுகின்றனர். ஓர் உடை மரபாவது எப்படி? அதைப் பிறர்மேல் சுமத்த எவருக்கு உரிமை உண்டு? இவ்விரு வினாக்களுக்கும் அந்தச் சிவப்புத் தொப்பியின் வரலாற்றிலேயே விடை தேடலாம் என்று எண்ணுகிறோம்.

புதிய உடைகளை வகுத்துத் தருவோர் பாரிஸ் நகரத்துத் தையற்கலைஞர்கள் என்றே பலரும் நினைக்கிறோம். சார்ல்ஸ் வொர்த் என்னும் ஆங்கிலேயர் அந்நகரில் தமது புகழ்பெற்ற உடையகத்தைத் தொடங்கியது 1858ஆம் ஆண்டில். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பேரரசின் தலையணியையே மாற்றியமைத்தவர் உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத்.

அதற்கு முன் அந்நாட்டில் தலைப்பாகையைக் கண்டே ஆளை அறிந்தனர். அமைச்சருக்கு ஒருவகை, ஆலிமுக்கு ஒருவகை, படைவீரனுக்கு ஒருவகை. யூதரும் கிறிஸ்தவரும் இன்ன நிறமே அணியலாம் என்ற கட்டுப்பாடுகளும் இருந்தன. இறந்தவரின் கல்லறைக் கல்லிலுங்கூட அவருடைய தலைப்பாகையைச் செதுக்கி வைத்தனர். 1826இல் ஜானிஸரி என்னும் பழம்படையைக் கலைத்த சுல்தான், தமது புதுப்படைக்கு ஃபெஸ் என்ற சிவப்புக் குல்லாயை அணிவித்தார். 1829இல் அரசு அலுவலர் யாவருக்கும் அதுவே சட்டமாயிற்று. ஆலிம்களுக்கு மட்டும் தலைப்பாகை அனுமதிக்கப்பட்டது. விளிம்பில்லாத குல்லாய் ஆதலால், நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்ய அது தடையாகவும் இல்லை.

சுல்தானின் கருத்து நல்ல கருத்தே. முஸ்லிமும் கிறிஸ்தவரும் யூதரும் ஒரே தலையணியோடு, ஒரே அரசின் மக்களாகத் தோன்ற வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆயினும் நடந்தது என்ன? ஒரே தொப்பி தம் தொழிலின் மதிப்பை மறைக்கிறதென்று எண்ணிய கைவினைஞர் பலர், ஃபெஸ்ஸைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டனர். கட்டளையால் தலைகள் ஒன்றுபோல் தோன்றின. உள்ளத்திலிருந்த ஏற்றத்தாழ்வோ தனக்கு வேறு வழி தேடிக்கொண்டது.

எனினும் காலம் புதுமையைப் பழமையாக்கிற்று. கல்லறைக் கற்களில் தலைப்பாகை இருந்த இடத்தில் ஃபெஸ் செதுக்கப்பட்டது. அஸீஸி, ஹமீதி என்று சுல்தான்களின் பெயரால் ஃபெஸ்ஸின் வடிவங்கள் வழங்கலாயின. மடங்கிய குல்லாயைச் சூடேற்றிய பித்தளை அச்சில் ஏற்றி நிமிர்த்தித் தரும் கடைகள் தெருவெங்கும் தோன்றின. தாத்தா அணிந்ததைப் பேரனும் அணிந்தான். சுல்தானின் கட்டளையாகப் பிறந்தது என்பதை மறந்து, மார்க்கத்தின் அடையாளமாகவே மக்கள் அதனைப் போற்றினர்.

அலிகார் கல்லூரியை நிறுவிய ஸர் ஸையத் அஹ்மத் கான், மாணவர் சீருடையில் துருக்கித் தொப்பியைச் சேர்த்தார். கலீபாவின்மீது இந்திய முஸ்லிம்கள் கொண்ட அன்பு அத்தொப்பிக்கு மேலும் மதிப்பைத் தந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம்களும் அதனை விரும்பி அணிந்தனர்.

இங்கே ஒரு வேடிக்கையையும் கூறவேண்டும். இத்தனை பேர் அடையாளமாகக் கொண்ட அத்தொப்பியைப் பெருமளவில் செய்து அனுப்பியவை ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகள்! இஸ்தான்புலில் ஃபெஸ்ஹானே என்ற அரசு ஆலை 1830களிலேயே ஏற்பட்டிருந்தும், பொஹீமியாவின் ஸ்ட்ரகோனிட்ஸே நகரத்துக் குல்லாய்களே சந்தையில் நிறைந்தன. 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, வெகுண்ட துருக்கிய மக்கள் அந்நிய ஃபெஸ்ஸைக் கழற்றி எறிந்து வேறு குல்லாய் அணிந்தனர். அரசர் எவரும் கட்டளையிடாமலே செய்தனர். மனம் ஒப்பிச் செய்த அச்செயலில் ஒரு கம்பீரம் இருக்கிறதன்றோ?

பின்னர் வந்தது 1925ஆம் ஆண்டு. ஆகஸ்டு மாதம் கஸ்தமோனு பகுதிக்குச் சென்ற முஸ்தபா கமால், ஐரோப்பியத் தொப்பியோடு மக்கள் முன் தோன்றி, நாகரிக மக்களின் உடை இதுவே என்றார். நவம்பர் 25இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஃபெஸ் குற்றமாயிற்று. ஆங்காங்கே கலகங்கள் மூண்டன; விசேஷ நீதிமன்றங்கள் மரண தண்டனைகளை விதித்தன.

அவ்வாறு உயிரிழந்தவருள் இஸ்கிலிப் ஊரைச் சேர்ந்த ஆதிஃப் என்ற ஆலிமும் ஒருவர். ஐரோப்பியரைப் போல உடுத்துவதைக் கண்டித்து அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டது 1924இல். சட்டம் வந்ததோ அடுத்த ஆண்டு. சட்டத்திற்கு எதிராக மக்களைத் தூண்டினார் என்று வழக்குத் தொடுத்து, 1926 பிப்ரவரி 4ஆம் நாள் அவரைத் தூக்கிலிட்டனர். அவருடைய கருத்தை ஒப்புவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் ஒரு தொப்பிக்காக ஒரு மனிதரின் கழுத்தில் கயிறு விழுந்ததை நீதி என்று எந்த மனச்சாட்சி கூறும்?

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. 1829இல் ஃபெஸ்ஸை அணியச் சொன்னதும் அரசாணை. 1925இல் அதைக் கழற்றச் சொன்னதும் அரசாணை. முன்னது சமத்துவத்தின் பெயரால் வந்தது. பின்னது நாகரிகத்தின் பெயரால் வந்தது. நோக்கங்கள் நல்லவையாகவே இருக்கட்டும். இரண்டும் மனிதனின் மனத்தைக் கேளாமல் அவன் தலையில் கை வைத்தன. முன்னதை மறந்துவிட்டுப் பின்னதை மட்டும் பழிப்பதும், பின்னதைப் பாராட்டி முன்னதை எள்ளுவதும் நடுநிலை ஆகா.

"அப்படியாயின் உடைக்கு விதியே வேண்டாமா?" என்று அன்பர்கள் வினவலாம். வேண்டும். காவலர்க்குச் சீருடை வேண்டும்; நோயாளியைப் பேணும் தாதியர்க்கும் வேண்டும். தொழுகைக்கு மறைக்க வேண்டியதை மறைக்கவும், தூய்மையாக இருக்கவும் மார்க்கம் விதித்திருக்கிறது. இவை பணிக்கும் நாணத்துக்கும் உரிய விதிகள். ஆனால் ஒரு தையலையும் ஒரு நிறத்தையும் காட்டி, "இதை அணிந்தவன் நம்மவன், அணியாதவன் அந்நியன்" என்று தீர்ப்பளிப்பது முற்றிலும் வேறு காரியம்.

ஆகவே பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் மரபு என்று போற்றும் உடையும் ஒருநாள் புதுமையாகவே வந்தது. அன்றும் சில பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். மணமேடையில் அமரும் பிள்ளையின் தலையைப் பார்ப்பதற்கு முன், அவன் மஹரை முறையாகக் கொடுத்தானா, பெண் வீட்டாரிடம் கைந்நீட்டாமல் வந்தானா என்று பாருங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உடையில் ஒன்றுமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக எவரும் உயிர் கொடுப்பதில்லை. பாட்டனார் பெட்டியில் வைத்துக் காத்த பழந்தொப்பியில், பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து வந்த ஒருவர் தம் மானத்தைக் காத்துக்கொண்ட கதை இருக்கலாம். அணிவதும் அணியாததும் உங்கள் விருப்பம். அணியாவிடினும் அதன் கதையைக் கேட்டறியுங்கள். கேட்ட பிறகு உங்கள் விருப்பப்படி உடுத்துங்கள். அவ்வாறு உடுத்தி வரும் பிள்ளையை மனமுவந்து வாழ்த்தும் பெரியவர்களாக நாமும் இருப்போமாக.