வழியிலேயே தீர்க்க வேண்டிய கணக்கு



இன்றைக்கு வாசித்த லூக்கா நற்செய்திப் பகுதியைக் கேட்டபோது, ஆண்டவர் நம்ம ஊர்க் கரையில் நின்று பேசினது மாதிரி இருந்தது. மேற்கே மேகம் எழும்பினால் மழை என்கிறீர்கள், தெற்குக் காற்று வீசினால் வெயில் என்கிறீர்கள், சரியாகத்தான் சொல்கிறீர்கள். இந்தக் காலத்தை மட்டும் ஏன் உங்களால் கணிக்க முடியவில்லை என்று கேட்கிறார். அவர் நாட்டுக்கு மேற்கே கடல், தெற்கே பாலைவனம். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கேயிருந்து வரும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றின் குணமும் தெரிந்து தொழிலுக்குப் போன பெரியவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு இப்போதெல்லாம் தப்புகிறது என்று சொல்பவர்களும் அவர்கள்தான்.

2017 நவம்பர் 30, அந்திரேயா திருநாள். மீன்பிடித்துப் பிழைத்த திருத்தூதரின் நாள். அன்றைக்குத்தான் ஒக்கி குமரிக் கடலில் புயலாக மாறியது. முந்தின நாள் அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. சிலர் லட்சத்தீவில், சிலர் குஜராத்தில் கரையேறினார்கள். உடல்கூடக் கிடைக்காத வீடுகள் இன்றும் இருக்கின்றன.

2023 டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மகிழ்ச்சி ஞாயிறு. அன்று பிடித்த மழை மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தூத்துக்குடிக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். புயல்கூட இல்லை, குமரிக் கடல்மேல் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி ஊருக்குள் வந்தது.

இந்த ஒரு புயலும் இந்த ஒரு மழையும் பூமி சூடானதால் மட்டுமே வந்தன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தை ஏந்திக்கொள்ளும். அது இறங்கும்போது மொத்தமாக இறங்கும். கடல் சூடாக இருந்தால் புயல் சீக்கிரம் பலம் பிடிக்கும். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்த புகைதான் இந்தச் சூட்டுக்கு முக்கியக் காரணம். அறிவியலில் இதில் சந்தேகம் இல்லை.

வெள்ளம் வந்தால் “நம்ம பாவத்துக்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை” என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பகுதியை அடுத்து லூக்கா எழுதுவதைப் புரட்டிப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ன? இல்லை என்கிறார் இயேசு. அந்த 2023 வெள்ளத்தில் ஏரலில் வீட்டை இழந்தவர்கள் நம்மைவிடப் பாவிகள் இல்லை. ஓடையை மறித்தது, குளத்துக்குள் பிளாட் போட்டது யார் என்பதைக் கடவுளிடம் கேட்க வேண்டியதில்லை, பத்திரத்தைப் பார்த்தாலே தெரியும்.

இன்றைய வாசகத்தின் முடிவை நாம் சாதாரணமாகத் தாண்டிப்போய்விடுகிறோம். எதிராளியோடு நடுவரிடம் போகும் வழியிலேயே கணக்கைத் தீர்த்துக்கொள், இல்லாவிட்டால் கடைசிக் காசு வரை கட்டித்தான் வெளியே வருவாய் என்கிறார். பூமியைச் சூடாக்கிய இந்தக் கணக்கில் எதிராளி யார்? அறிவிப்பு எட்டாமல் கடலில் நின்றவர். கொளுத்துகிற வெயிலில் உப்பளத்தில் உப்பு வாருகிற அம்மா. வெயில் கூடக் கூட அவர் உடம்புதான் முதலில் படுக்கிறது, காலம் தப்பி மழை பெய்தால் அவர் கூலிதான் முதலில் போகிறது. 2023 அக்டோபரில், நம் வெள்ளத்துக்கு இரண்டே மாதம் முன்பு, திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு மடல் எழுதினார். அமெரிக்காவில் ஆளுக்கு வெளியேறும் புகை மிக ஏழை நாடுகளின் சராசரியைப்போல் ஏழு மடங்கு என்று அதில் சொல்கிறார். பெரிய கடன்காரர்கள் அங்கேதான். அதற்காக நமக்குக் கடனே இல்லை என்று ஆகாது. கொடியேற்றம் முதல் தேர் வரை பத்து நாளும் ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஊர் முழுக்க சீரியல் லைட்டும் வாணவேடிக்கையுமாகத் திருவிழா நடத்துகிறோம். இந்த வருடம் அதில் ஒரு பங்கை எடுத்து, ஓடையைத் தூர்வாரவும் படகுகளுக்கு வயர்லெஸ் வாங்கவும் கொடுக்கலாம் என்று பங்குப்பேரவையில் பேசப்போகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் இது. ஒவ்வொரு அன்பியமும் ஒரு பட்டியல் எழுத வேண்டும்: நடக்க முடியாத முதியவர்கள், கர்ப்பிணிகள், தாழ்ந்த பகுதியில் இருக்கும் வீடுகள், கடலுக்குப் போயிருக்கும் படகுகள். நள்ளிரவில் தண்ணீர் வந்தால் எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது என்பதும் அதில் இருக்கட்டும். வேறு சாதிக்காரர்கள், வேறு சமயத்தவர் வீடுகளையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளிக்கூட மாடிச் சாவி ஒன்று இனிமேல் உபதேசியார் வீட்டில் இருக்கும். பட்டியலை ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் சக்ரிஸ்டியில் என்னிடம் கொடுங்கள்.