கூட வந்தது யாரு?

ஆஸ்பத்திரியில் மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். கல்யாணம் ஆயிருச்சா? எத்தனை குழந்தைங்க? கூட வந்தது யாரு? எங்களைப் போன்றவர்களின் பதில்கள்: ஆகலை, இல்லை, சிநேகிதி. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் சேர்த்து எழுதிக்கொள்கிறவர் மனதில் உருவாவது துணையே இல்லாத ஒரு பெண்ணின் சித்திரம். உண்மைகளை அடுக்கி ஒரு பொய்யைக் கட்டிவிட முடியும்.

காரமடையில் பதினோரு வருஷமாக நாங்கள் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்கிறோம். "அக்கா தங்கச்சி மாதிரி" என்று ஊர் சொல்லிப் பழகிவிட்டது. மாசித் தேருக்கு வரும் விருந்தாளிகளுக்கும் அதே அறிமுகம்தான். அந்த 'மாதிரி'க்குள் பத்திரமாகவே இருந்தோம். போன வருஷம் அவளுடைய இடது மார்பில் கட்டி தென்பட்டது. பயாப்சி முடிவு வந்த வாரம் அவளுடைய பெரியம்மா வீட்டுக்கு வந்தார். பழம் கொண்டுவந்தார், அழுதார், போகும்போது சொன்னார்: "காலாகாலத்துல ஒருத்தனைக் கட்டி, ரெண்டு பெத்துப் பால் குடுத்திருந்தா இந்த நோவு வந்திருக்குமா அம்மிணி?"

அந்தச் சொல்லை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் வேலை சுலபம். தள்ள முடியாது. அதில் பாதி அறிவியல் இருக்கிறது. 2002இல் லான்செட் இதழில் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் மார்பகப் புற்றுநோயின் அபாயம் 7 சதவீதம் குறைகிறது, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேற்கொண்டு 4.3 சதவீதம் குறைகிறது என்றது அது. பிள்ளை பெறாத பெண்கள் அதிகம் உள்ள கூட்டத்தில் நோயும் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்து வருகிறது. பெண்களை விரும்பும் பெண்களைப் பற்றி அமெரிக்காவில் 1990களில் எழுந்த அச்சத்தின் வேர் இதுதான். மூன்றில் ஒருவருக்கு வரும் என்றெல்லாம் செய்தி பரவியது. 1999இல் அங்கே ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து பார்த்தபோது, அப்படி உறுதியாகச் சொல்லத் தரவே போதாது என்று தெரிந்தது. நம் புற்றுநோய்ப் பதிவேடுகளில் யார் யாரை நேசித்தார்கள் என்ற பத்தியே கிடையாது.

உண்மையான ஒரு தகவலைக் குற்றச்சாட்டாக மாற்றினால் அது இன்னும் உண்மையாகவே இருக்குமா? இதுதான் என் கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 7 சதவீதம் என்றால் என்ன? பிள்ளை பெறாத பெண்களில் 100 பேருக்கு நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதே அளவுள்ள இன்னொரு கூட்டத்தில், ஒரு பிள்ளை பெற்றவர்களிடையே, சுமார் 93 பேருக்கு வரும். அந்த 93 பேரும் பெற்றவர்கள்தானே? கீமோ வார்டில் அவளுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த அக்காவுக்கு நான்கு பிள்ளைகள். கூட்டத்தின் சராசரியை ஒருத்தியின் உடம்பில் கொண்டுபோய் ஒட்ட முடியாது.

அடுத்தது காரணமும் குற்றமும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் ரமஸினி, இந்த நோய் கன்னியாஸ்திரீகளிடம் அதிகம் இருப்பதைக் கவனித்து எழுதினார். அவர்களும் பெறவில்லை, பால் கொடுக்கவில்லை. மடத்துப் பெண்ணுக்குக் கட்டி வந்தால் அவள் துறவுக்குக் கிடைத்த தண்டனை என்று யாராவது சொல்கிறோமா? தியாகம் என்போம். அதே உடம்பு, அதே ஹார்மோன், அதே அபாயம். இருபாலீர்ப்புள்ள ஒருத்தி கல்யாணமாகி மூன்று பெற்றிருக்கலாம். அவளுக்கு அபாயம் குறையும். யாரை விரும்புகிறாள் என்று செல்லுக்குத் தெரியாது. தண்டனை என்ற சொல் நோயிலிருந்து வரவில்லை, நாம் கொண்டுபோய் வைத்தது.

மாற்றக்கூடிய அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்கு அஞ்சிப் போகாமலிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கட்டி தாமதத்துக்காகக் காத்திருக்காது. பெரியம்மாவின் கேள்விக்கு யாரும் இனிப் பதில் சொல்ல முடியாது, காலம் போய்விட்டது. கேள்வி கேட்கும் முறையை நாளைக் காலையிலேயே மாற்றலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் "ரத்த சொந்தம் கையெழுத்துப் போடணுமுங்க" என்றார்கள். எட்டு வருஷம் பேசாத அண்ணன் திருப்பூரிலிருந்து வந்து போட்டார், இரண்டு மணி நேரத்தில் கிளம்பினார். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: சுயநினைவுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதம் அவருடையது மட்டுமே, அவசர நிலை இல்லாதபோது தாய் கொடுத்த சம்மதம்கூடச் செல்லாது. அவள் முழு நினைவோடு, பேனா பிடிக்கத் தெரிந்தவளாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

2018இல் 377 போய், நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்றானது. 2023இல் திருமண உரிமை இல்லை என்றானது. 2024 ஆகஸ்டில், துணையோடு கூட்டுக் கணக்கு தொடங்கலாம், நாமினி போடலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பமாவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்றது. அவளுடைய சேமிப்புக்கு நான் நாமினி ஆகலாம். அவள் மயக்கத்தில் இருக்கும் நேரத்தில் வெளியே வந்து டாக்டர் யாரைத் தேடுவார் என்பதற்கு இன்னும் தெளிவில்லை.

அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் ஒரு மார்பை இழந்தார். பொய் மார்பு வைத்து மறைக்க மறுத்தார். தன்னைச் சுற்றி நின்ற பெண்களின் அன்பைப் பற்றி 1980இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டு, "அவங்க கோயமுத்தூர் டவுன் பஸ்ல போகலையே" என்றாள். பஸ்ஸுக்கு வைத்துக்கொள்கிறாள், வீட்டில் கழற்றிவிடுகிறாள். துணிச்சலும் கட்டளையாகிவிடக் கூடாது என்று எனக்குப் படுகிறது.

உறவை எதைக் கொண்டு அறிவது? ரத்தம், தாலி, ரேஷன் கார்டு என்று நாம் சொல்பவை அத்தனையும் ஓர் அனுமானத்தின் சுருக்கெழுத்து: இந்த ஆள் கூட இருப்பார். அனுமானம் பொய்க்கும்போதும் சுருக்கெழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அறுவைக்குப் பிறகு வடிகுழாயில் எத்தனை மில்லி என்று காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதி வந்தேன். பன்னிரண்டாம் நாள் டாக்டர் அந்த நோட்டைப் புரட்டி, அளவு இறங்கிவிட்டதைப் பார்த்து, குழாயை எடுத்துவிடலாம் என்றார். எழுதியது யார், என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. எண்கள் சரியாக இருந்தன, அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.